தேடுபெட்டிக்குப் பூச்சு மட்டும் போதுமா?

தமிழ் இணையதளம் நடத்துகிறவர்கள் தேடுபெட்டியின் ஓரத்தை வளைக்கிறார்கள், நிறம் மாற்றுகிறார்கள், பக்கத்தில் பூதக்கண்ணாடிப் படம் ஒட்டுகிறார்கள். பெட்டி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘சுரங்கம்’ என்று தட்டினால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது. உள்ளே ‘சுரங்கத்தில்’, ‘சுரங்கத்துக்கு’ என்று பத்துக் கட்டுரைகள் தூங்கிக்கொண்டிருக்கும்!

காரணம் எளிது. ஆங்கிலத்தில் வேற்றுமைக்குத் தனிச்சொல் முன்னால் நிற்கும், பெயர் மாறாது. தமிழில் உருபு ஒட்டியதும் ‘ம்’ போய் ‘த்து’ வந்துவிடும். பள்ளியில் படித்த இலக்கணம்தான். ஆங்கிலத்துக்குச் செய்த பெட்டிக்கு அது தெரியாது.

இன்னொரு கூத்தும் உண்டு. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம்; கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. சமப்படுத்தாத மென்பொருளுக்கு மட்டும் அவை வேறு வேறு. ஜம்புலிங்க முதலியாரைச் ‘சம்புலிங்க’ என்று தேடுகிறவருக்கும் இதே கதிதான்.

நெய்வேலிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பக்கெட் வீல் மேல்மண்ணை வாரி எடுத்த பிறகுதான் பழுப்பு நிலக்கரி தெரியும். விகுதியை நீக்கினால்தான் சொல் தெரியும்.

“கூகுளில் தேடிக்கொள்ளுங்களேன், இது ஒரு விஷயமா?” என்பார்கள். வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைத் திறந்துவிடச் சொல்கிற கதை அது. வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 12-ஆம் பதிப்பிலேயே தமிழ் விகுதிகளைக் கழித்துத் தேடும் வசதி வந்துவிட்டது. காசும் கிடையாது. இல்லாதது அக்கறைதான். உ.வே.சாமிநாதையர் கணினி இல்லாத காலத்தில், ஏட்டிலிருந்து பதிப்பித்த நூல்களுக்குக் கையாலேயே அரும்பத அகராதி சேர்த்தார். வாசகன் தேடுவான் என்ற மரியாதை அவருக்கு இருந்தது.

நம் பகுதியில் சுரங்கத்துக்காகக் காலியான ஊர்கள் இன்று மண்ணில் இல்லை. அங்கே வாழ்ந்தவர்கள் எழுதி வைத்தால்தான் மிச்சம். வெளிநாட்டில் இருக்கும் பேரன் ஒருநாள் தாத்தா ஊரைத் தேடுவான். ‘கிடைக்கவில்லை’ என்று பெட்டி சொன்னால், அப்படி ஓர் ஊரே இருந்ததில்லை என்றுதான் நினைப்பான்.

தளம் நடத்தும் தம்பிகளே, நிறத்தைப் பிறகு பாருங்கள். முதலில் பெட்டிக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள்.