தரம் 6 இற்கு ஒரு வருட அவகாசம்: கிண்ணியா, மூதூர் வகுப்பறைகளை என்ன செய்யப் போகிறோம்?

தரம் 6 இற்கான கல்வி மறுசீரமைப்பு 2027 ஆம் ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டதைச் சிலர் வெற்றி என்றும் சிலர் தோல்வி என்றும் முகநூலில் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆங்கில மொடியூலில் இடம்பெற்ற ஓர் இணையத்தள முகவரி பற்றிய சர்ச்சையிலேயே முழுப் பேச்சும் கரைந்துபோனது. அந்த மொடியூலை எந்த அறைக்குள் வைத்துக் கற்பிக்கப் போகிறோம் என்று கேட்டவர்களை நான் காணவில்லை.

திருகோணமலை மாவட்டத்தின் முஸ்லிம் பாடசாலைகளில் பல வருடங்கள் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில் அந்த அறை எனக்கு நன்கு பரிச்சயமானது. உங்களுக்கும்தான். நூறு அடி நீளம், இருபது அடி அகலம், அரைச் சுவர், மேலே கூரைத்தகடு. அதை ஐந்தாகப் பிரித்தால் ஐந்து வகுப்பு. பிரிப்பதற்குச் சுவர் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் ஒரு பலகைத் தட்டி. இலவசக் கல்வி வந்த பிறகு நாடு முழுவதும் குறைந்த செலவில் விரைவாகப் பாடசாலை கட்ட இந்த மாதிரி உதவியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒருவர் பேச நாற்பது பேர் கேட்பதற்காகக் கட்டப்பட்ட இடம்.

கணக்கைப் பாருங்கள். 20 அடிக்கு 20 அடி என்றால் 400 சதுர அடி. நாற்பது பிள்ளைகளை இருத்தினால் தலைக்கு 10 சதுர அடி. மேசை, கதிரை, புத்தகப்பை, ஆசிரியரின் மேசை, அலுமாரி எல்லாம் அதற்குள்தான். புதிய முறையோ குழுவாக இருந்து பேசு, செய்து பார், செய்ததைக் காட்சிப்படுத்து, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அவ்வப்போது அவதானித்து மதிப்பிடட்டும் என்கிறது. மேசைகளைக் குழுவாகத் திருப்பினால் ஆசிரியர் நடக்க வழியிருக்காது. அப்படியே திருப்பினாலும், ஐந்து வகுப்பும் ஒரே நேரத்தில் கலந்துரையாடினால் அந்த மண்டபம் மீன் சந்தையாகிவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் தட்டியைத் தட்டுவார். பிறகு நாமும் பழையபடி, "வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள்" என்போம். பயிற்சிச் செயலமர்வில் கற்ற புதிய முறைகள் அந்தத் தட்டியோடு முடிந்துபோகும்.

அடுத்தது வெப்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பதினொரு மணிக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றையும் பிற்பகல் வெயிலையும் ஒருங்கே வாங்கும் விதமாக, நீளப்பக்கம் மேற்கைப் பார்க்க எத்தனையோ மாடிக் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. காணியின் வடிவத்துக்கும் வீதிக்கு முகம் காட்டும் ஆசைக்கும் ஏற்பக் கட்டினார்களே தவிர, சூரியனை யாரும் கேட்கவில்லை. எமது அகலாங்கில் நீளப்பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும், கிழக்கு மேற்கில் குறுகிய சுவர்களே வர வேண்டும். இதற்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவாகாது, வரைபடத்தைத் திருப்பிப் போட்டால் போதும். போதாக்குறைக்கு, நிழல் தந்த வேம்பையும் பூவரசையும் அத்திவாரம் வெட்டும்போது தறித்துவிட்டு, திறப்பு விழாவன்று ஒரு பூச்சாடி வைக்கிறார்கள்.

மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோவில் காண்டோ என்ற கிராமம் இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த பிரான்சிஸ் கெரே என்ற கட்டடக் கலைஞர் 2001 இல் அங்கே ஓர் ஆரம்பப் பாடசாலையைக் கட்டி முடித்தார். ஊர் மக்களே களிமண் கல் அறுத்தார்கள். தகரக் கூரையை அறையின் உட்கூரையிலிருந்து தூக்கி, இடையில் காற்றோட விட்டார். சூடான காற்று மேலே போய்விடும், உள்ளே குளிர்சாதனம் தேவையில்லை. அந்தச் சின்னப் பாடசாலைக்கு 2004 இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2022 இல் கெரே கட்டடக்கலையின் உச்ச விருதான பிரிட்ஸ்கர் விருதைப் பெற்றார். எங்களைவிட வறிய ஊர் அது.

தளபாட விடயத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியபோது, பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள். சுவரைச் சுற்றி, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகை இடம் வந்தது. தலைக்கு மேலே கம்பி கட்டி பிள்ளைகளின் வேலைகளைத் தொங்கவிட்டார்கள். சில வருடங்களில் தமிழ்நாடு முழுவதும் அரச ஆரம்பப் பள்ளிகளுக்கு அது பரவியது. பின்னர் அந்த முறை பல மாற்றங்களைக் கண்டது, விமர்சனங்களும் உண்டு. ஆனால் சுவரின் கீழ்ப்பாதியில் கரும்பூச்சு அடித்துப் பிள்ளையிடம் சோக்கட்டியைக் கொடுப்பதற்குக் கோடிகள் வேண்டாம் என்பதை அது காட்டிவிட்டது.

இதை அந்நிய முறை என்று நினைப்பவர்கள் தமது ஓதப்பள்ளியை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரே பாய், ஒரே கூடம். ஒரு பிள்ளை அலிஃப் பா, இன்னொன்று அம்ம ஜுஸ்உ, மூத்தது பத்தாவது ஜுஸ்உ. ஒவ்வொருவருக்கும் அவரவர் பாடம், அவரவர் வேகம். பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கும், ஹஸரத் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார். பள்ளிவாசல் தூணடியில் ஆசிரியரைச் சுற்றி வட்டமாக அமரும் ஹல்கா எமது கல்வி மரபின் அடித்தளம். வரிசை வாங்குதான் பின்னால் வந்தது. (ஓதப்பள்ளியின் பிரம்பையும் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

எமது மாவட்டத்தில் பாடசாலைக்கு இன்னொரு தொழிலும் இருக்கிறது. 2004 சுனாமியில் மக்கள் ஓடிப் புகுந்தது பாடசாலைக்கு. மாவிலாறு பிரச்சினை போராக வெடித்து 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது அங்கும் பாடசாலைகளிலேயே தங்கினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு அதே மாவிலாற்றின் அணைக்கட்டு உடைப்பெடுத்தபோதும் மூதூர்ப் பக்கத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இருபது வருடத்தில் மூன்று முறை. அப்படியிருந்தும் தாழ்ந்த நிலத்தில், உயர்த்தாத அத்திவாரத்தில், பெண்களுக்குப் போதிய கழிப்பறை இல்லாமல், ஆய்வுகூடமும் நூலகமும் கீழ்த்தளத்தில் இருக்கக் கட்டிக்கொண்டே இருக்கிறோம். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது புத்தகமும் கணினியும்தான். பங்களாதேஷின் கானார்ச்சோரில், மழைக்காலத்தில் நீரோடு மிதந்து எழும் மூங்கில் பாடசாலை ஒன்றைக் கட்டினார்கள். 2019 இல் அதற்கும் ஆகா கான் விருது கிடைத்தது. நாம் மிதக்க வேண்டியதில்லை, சில அடி உயர்ந்தால் போதும்.

பாடசாலை வாசலோடு முடிவதுமில்லை. 2021 நவம்பர் 23 இல் குறிஞ்சாக்கேணியில் பாலம் முடியாத நிலையில் ஓடிய படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளின் ஜனாஸாக்களை அடக்கினோம். அந்தப் பாதையும் அந்தப் பாடசாலையின் ஒரு பகுதிதான்.

அரசாங்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க நான் விரும்பவில்லை, ஏனென்றால் பணத்தில் ஒரு பகுதி எமது கையில் இருக்கிறது. மாகாணசபைக்கும் கல்வி அமைச்சுக்கும் அப்பால் பழைய மாணவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கட்டாரிலும் சவூதியிலும் உழைப்பவர்களின் ஸதகா என்று எமது பாடசாலைகளுக்கு வரும் பணம் கொஞ்சமல்ல. அது எங்கே போகிறது? வளைவு நுழைவாயிலுக்கு, பெயர்க்கல்லுக்கு, மேடைக்கு, ஸ்மார்ட் போர்டுக்கு. எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் ஸ்மார்ட் போர்டைத் துணி போட்டு மூடி, பூட்டிய அறைக்குள் வைத்திருந்ததைக் கண்டேன். அறையைத் திறந்தால் வெயில் நேரே பலகையில் விழுகிறது, மூடினால் புழுக்கம். நன்கொடை கொடுத்தவர் நல்ல மனிதர், அவரிடம் யன்னலுக்கு வெயில் மறைப்புக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. யன்னல் மறைப்பில் பெயர் பொறிக்க முடியாதல்லவா!

இதில் பணயம் வைக்கப்படுவது என்ன என்பதைத் துறைமுகப் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். 2025 ஏப்ரலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. அது எப்போது, எந்த அளவில் நடக்கும் என்பது வேறு பேச்சு. நடந்தால் அங்கே வெல்டிங் பரிசோதகரும் மின் தொழில்நுட்பவியலாளரும் ஆய்வுகூட உதவியாளரும் வேண்டும். கொட்டியாரக் குடாவின் இந்தப் பக்கத்துப் பிள்ளை பத்து வருடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டு எழுதியே வளர்ந்தால், அந்த வாயிலில் காவலாளி வேலைதான் கிடைக்கும்.

எனவே இந்த ஒரு வருடத்தில் தரம் 6 அறைகளை மட்டுமாவது எடுப்போம். வாங்குகளுக்குப் பதிலாக இருவர் தூக்கி நகர்த்தக்கூடிய மேசைகள், வகுப்புகளுக்கிடையே கூரைவரை சுவர், மேற்குப் பக்கம் நிழல், சுவரின் கீழ்ப்பாதியில் கரும்பூச்சு, புத்தகப்பைக்கு வெளியே ஒரு தட்டு. பைகள் வெளியே போனாலே நடக்க வழி கிடைத்துவிடும். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டியவை சில, நாமே ஒரு விடுமுறையில் செய்யக்கூடியவை பல.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி வகுப்பின் நடுவில் தொங்கவிட்டு, காலை எட்டு, பதினொன்று, ஒன்றரை மணி வெப்பநிலையை ஒரு மாதம் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். வகுப்பின் நீள அகலத்தையும் அவர்களே அளக்கட்டும். வரைபில் குறித்தால் அது விஞ்ஞானமும் கணிதமும் சேர்ந்த செயற்பாடு. அந்தத் தாளையே அதிபர் அடுத்த கட்டட ஒதுக்கீட்டுக் கூட்டத்துக்குக் கையோடு கொண்டுபோகலாம்.