கோச் மாறினால் டீம் மாறுமா? சென்னையின் எஃப்சி ரசிகர்களின் நம்பிக்கையும் அதன் கணக்கும்

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்தில் இறங்கினால், 2009 முதல் ஒரே தலைமைப் பயிற்சியாளரை வைத்திருக்கும் கிரிக்கெட் அணியின் மைதானம். அதே ரயிலில் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி பார்க் டவுனில் இறங்கி நடந்தால், ஏறக்குறைய அதே காலத்தில் பயிற்சியாளர்களை அடுத்தடுத்து மாற்றிப் பார்த்த கால்பந்து அணியின் நேரு ஸ்டேடியம். இரண்டு அணிகளுமே கடைசியாக முடித்த லீக் சீசனில் ரசிகர்களைத் தலைகுனிய வைத்தவை. ஐபிஎல் 2025-ல் சிஎஸ்கே 10-வது இடம்; அதாவது கடைசி. ஐஎஸ்எல் 2024-25-ல் சென்னையின் எஃப்சி 13 அணிகளில் 11-வது இடம்.

இப்போது சென்னையின் அணிக்குப் புதிய கோச் வந்திருக்கிறார்: கோவாவைச் சேர்ந்த முன்னாள் இந்திய வீரர் கிளிஃபோர்ட் மிராண்டா. பிப்ரவரி 14-ல் தொடங்கும் சுருக்கப்பட்ட ஐஎஸ்எல் சீசன்தான் அவருக்கு முதல் லீக் பரீட்சை. பெசன்ட் நகர் டீக்கடையில் நின்றாலும், அடையாறு டர்ஃப் மைதானத்தில் ஷூ கட்டினாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தடவையாவது சரியாகிடுமா?"

இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறதா? ஒரு கோச்சால் உண்மையில் எதை மாற்ற முடியும், எதை முடியாது?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

சென்னை ரசிகர்கள் இதை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2019-20 சீசனின் தொடக்கம். 2018 மார்ச்சில் பெங்களூருவில் கோப்பை வென்று கொடுத்த ஜான் கிரிகரிதான் அப்போதும் பயிற்சியாளர். முதல் 4 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. 6 ஆட்டங்கள் முடிந்தபோது கையில் இருந்தது 5 புள்ளிகள். நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார். டிசம்பர் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் காயில் வந்தார்.

அதன்பிறகு நடந்தது இன்றும் பேசப்படும் கதை. மீதி 12 லீக் ஆட்டங்களில் 24 புள்ளிகள். பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்த அணி 4-வது இடத்துக்கு ஏறி அரையிறுதிக்குப் போனது. அங்கே எஃப்சி கோவாவை இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 6-5 என வென்றது. இறுதிப் போட்டி 2020 மார்ச் 14-ல், கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாத ஃபடோர்டா மைதானத்தில் நடந்தது. ஏடிகே அணியிடம் 3-1 எனத் தோற்றாலும், "கோச் மாறினா எல்லாம் மாறும்" என்ற எண்ணம் மட்டும் ரசிகர்கள் மனதில் வென்றுவிட்டது.

இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. அந்த அரையிறுதியில் கோவா அணியின் இடைக்காலப் பயிற்சியாளராக இருந்தவர் இதே மிராண்டாதான். அவரும் சீசனின் பாதியில் பொறுப்பேற்றவர். அந்த ஆண்டு கோவா லீக் ஷீல்டை வென்றது.

ஆனால், அதற்குப் பிறகு?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அந்த சீசனில் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய நெரியஸ் வல்ஸ்கிஸும் அதே அணிக்குப் போனார். சென்னை புதுப் பயிற்சியாளர்களைத் தேடியது.

2020-21: சாபா லாஸ்லோ. 8-வது இடம்.

2021-22: போசிடார் பாண்டோவிச். சீசன் முடியும் முன்பே நீக்கப்பட்டார். சென்னைக் கால்பந்து நன்கு அறிந்த சையது சபீர் பாஷா இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார். 8-வது இடம்.

2022-23: தாமஸ் பிரடாரிச். மறுபடியும் 8-வது இடம்.

மூன்று ஆண்டுகள், மூன்று வெளிநாட்டு கோச்கள், மூன்று விதமான ஆட்டமுறை. பட்டியலில் இடம் மட்டும் நகரவில்லை. 2023-ல் காயில் திரும்பி வந்தார். முதல் சீசனில் 6-வது இடம் பிடித்து பிளேஆஃப் வரை கொண்டுபோனார். அடுத்த சீசனில் 11-வது இடம். 2025-ல் விலகினார். 2019-ல் மாயம் செய்த அதே மனிதர்தான். அவர் கையில் இருந்த அணியும் சூழலும்தான் வேறு.

கிரிகரியின் கதையும் இதையே சொல்கிறது. 2017-18-ல் சாம்பியன், அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் வெறும் 9 புள்ளிகளுடன் கடைசி இடம். ஒரே கோச், இரண்டு துருவங்கள்.

கோச்சை மாற்றாமலே அணி மீண்டதில்லையா?

மீண்டிருக்கிறது. அதுவும் இதே சென்னையில். 2015 சீசனில் மார்கோ மத்தராஸியின் அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடிமட்டத்தில் இருந்தது. நிர்வாகம் அவரை மாற்றவில்லை. கடைசி 4 லீக் ஆட்டங்களையும் வென்று அணி அரையிறுதிக்குள் நுழைந்தது. அது சென்னை வெள்ளத்தில் மூழ்கிய டிசம்பர். சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில்தான் ஆட வேண்டியிருந்தது. அங்கே கொல்கத்தாவை 3-0 என வென்று, டிசம்பர் 20-ல் கோவாவில் கோப்பையையும் தூக்கியது.

சேப்பாக்கத்து உதாரணம் இன்னும் தெளிவு. 2020-ல் சிஎஸ்கே 7-வது இடம். முதல்முறையாக பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது. ஸ்டீபன் ஃபிளெமிங்கை மாற்றவில்லை. 2021-ல் சாம்பியன். 2022-ல் 9-வது இடம். அப்போதும் மாற்றவில்லை. 2023-ல் சாம்பியன். அந்த இரண்டு சரிவுகளிலும் கோச்சை மாற்றியிருந்தால், அடுத்த ஆண்டு கோப்பைக்கான முழுப் பெயரும் புதியவருக்குத்தான் போயிருக்கும். "பார்த்தியா, மாத்தினதும் ஜெயிச்சுட்டாங்க" என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்போம்.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு என்ன?

புள்ளியியலில் இதை 'சராசரிக்குத் திரும்புதல்' என்பார்கள். தாயக்கட்டையை உருட்டுகிறீர்கள். தொடர்ந்து ஐந்து முறை ஒன்று விழுகிறது. வெறுத்துப்போய்க் கட்டையை நண்பரிடம் கொடுக்கிறீர்கள். அவர் உருட்டினால் ஒன்றைவிடப் பெரிய எண் விழவே வாய்ப்பு அதிகம். அது நண்பரின் கைராசி அல்ல. நீங்களே உருட்டியிருந்தாலும் அதே வாய்ப்புதான்.

அணிகள் பயிற்சியாளரை எப்போது நீக்குகின்றன? மிக மோசமான நேரத்தில். அந்த மோசத்தில் ஒரு பங்கு திறமைக் குறைவு. இன்னொரு பங்கு காயம், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, நடுவரின் ஒரு முடிவு போன்ற துரதிர்ஷ்டம். துரதிர்ஷ்டம் நீடித்து நிற்பதில்லை. எனவே யார் வந்தாலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரியத்தான் செய்யும்.

நெதர்லாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் 1986 முதல் 2004 வரையிலான தரவுகளை வைத்து பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல் இதை ஆராய்ந்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் அதன்பிறகு மீண்டன. ஆனால், அதே போன்ற சரிவைச் சந்தித்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் மீண்டன. மாற்றியதால் தனியாகக் கிடைத்த பலன் என்று எதையும் காட்ட முடியவில்லை.

அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் கோச் மாற்றம் ஊரே கொண்டாடும், ஊரே சண்டை போடும் விஷயம். 1997 முதல் 2010 வரை அங்குள்ள கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணிகளை ஆராய்ந்த அட்லர், பெர்ரி, டோஹர்ட்டி ஆகிய மூவரும் இதே போன்ற முடிவுக்கே வந்தார்கள். மிக மோசமான அணிகளில் கோச்சை மாற்றியதால் பெரிய வித்தியாசம் இல்லை. நடுத்தர அணிகளிலோ, மாற்றிய அணிகள் மாற்றாத அணிகளைவிட அடுத்த சில ஆண்டுகளில் பின்தங்கின.

அப்படியென்றால் கோச் தேவையே இல்லையா?

அப்படி இல்லை. இந்த ஆய்வுகள் சொல்வது சராசரியைப் பற்றி. ஒவ்வொரு நியமனமும் வீண் என்று அவை சொல்லவில்லை. 2019-20-ல் காயில் எடுத்த 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள் என்பதை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. காயில் பின்னர் ஜாம்ஷெட்பூருக்கு 2021-22 லீக் ஷீல்டையும் வென்று கொடுத்தார்.

ஒரு கோச்சின் கையில் இருப்பவை: யார் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது, எவ்வளவு முன்னேறி அழுத்தம் கொடுப்பது, பயிற்சியின் தரம், ஓய்வறையின் மனநிலை. கையில் இல்லாதவை: வீரர்களுக்கான பட்ஜெட், ஏற்கெனவே போடப்பட்ட ஒப்பந்தங்கள், லீக் அட்டவணை. 2019-ல் காயிலுக்கு வாய்த்தது, கோல் அடிக்கத் தெரிந்தும் அடிக்காமல் இருந்த அணி. அங்கே கோச் பெரிய வித்தியாசம் செய்ய முடிந்தது. தரமான வீரர்களே குறைவாக இருக்கும் அணியில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும்.

சிஎஸ்கே நிர்வாகம் இந்தக் கணக்கைத்தான் போட்டதாகத் தெரிகிறது. 2025-ல் 14 ஆட்டங்களில் 4 வெற்றி. சேப்பாக்கத்தில் ஆடிய 6-ல் 5 தோல்வி. அதற்குப் பிறகும் ஃபிளெமிங் நீடிக்கிறார். மாறியது வீரர்கள். ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போக, சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்திருக்கிறார். இது சரியான முடிவா என்பது இனிதான் தெரியும். ஆனால், எங்கே பழுது என்று ஒரு தெளிவான நிலைப்பாட்டை எடுத்திருக்கிறார்கள்.

மிராண்டாவுக்கு என்ன சவால்?

சென்னையின் எஃப்சியின் முதல் நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் அவர். 2023-ல் ஒடிசா அணியை இடைக்காலமாக ஏற்று, இறுதியில் பெங்களூருவை 2-1 என வீழ்த்தி சூப்பர் கோப்பை வென்றவர். குறுகிய நேரத்தில் அணியை ஒன்றுசேர்க்கும் அனுபவம் உண்டு.

ஆனால், அவர் வந்த நேரம் மோசம். ஐஎஸ்எல் நடத்தும் உரிமை தொடர்பான ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதால், அதன் பிறகு லீக் நடக்குமா என்ற குழப்பத்தில் 2025 ஆகஸ்ட்டில் கிளப்பே தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அக்டோபரில் சூப்பர் கோப்பையில் ஆடியபோது மோகன் பகானிடமும் ஈஸ்ட் பெங்காலிடமும் தோல்வி. இப்போது நடக்கப்போவதும் முழு லீக் இல்லை. 14 அணிகள், ஒவ்வோர் அணியும் மற்றதுடன் ஒரே ஒருமுறை. மொத்தம் 91 ஆட்டங்கள். சென்னைக்குக் கிடைப்பது 13.

பதின்மூன்றே ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். இரண்டு ஆட்டங்களின் கடைசி நிமிட கோல் மாறினால் பட்டியலில் பல இடங்கள் மாறலாம். ஆகவே மார்ச் மாதம் அணி மேலே இருந்தால் "மிராண்டா கடவுள்" என்றோ, கீழே இருந்தால் "அடுத்த ஆளைப் பாருங்க" என்றோ சொல்வது இரண்டுமே அவசரம்.

ரசிகர்கள் எதைக் கவனிக்கலாம்?

ஸ்கோரை மட்டும் பார்க்காமல் நான்கு விஷயங்களைப் பார்க்கலாம்.

ஒன்று, வாய்ப்புகள். அணி உருவாக்கும் தெளிவான கோல் வாய்ப்புகள் கூடுகின்றனவா, எதிரணிக்குக் கொடுப்பவை குறைகின்றனவா? முடிவுகளைவிட இவை நம்பகமான அறிகுறி.

இரண்டு, தொடர்ச்சி. ஓர் ஆட்டம் தோற்றதும் மொத்தத் திட்டமும் தலைகீழாகிறதா, அல்லது ஒரே எண்ணம் மெல்ல மெருகேறுகிறதா?

மூன்று, இளைஞர்களுக்குக் கிடைக்கும் நிமிடங்கள். வியாசர்பாடி, காசிமேடு போன்ற பகுதிகளில் கால்பந்து ஊறிய நகரம் இது. வெளிநாட்டு வீரர்கள் சீசனுக்குச் சீசன் போய்விடுவார்கள். இங்கே வளரும் பையன் தங்குவான்.

நான்கு, நிர்வாகம். அடுத்த ஒப்பந்த காலத்தில் மிராண்டா கேட்கும் வீரர்கள் வருகிறார்களா? வராவிட்டால், அவர் போன பிறகு வருபவருக்கும் அதே கதைதான்.

கோச் மாறும்போது நம்பிக்கை பிறப்பதில் தவறு இல்லை. அது இல்லாமல் யாரும் வேலை முடிந்து மாம்பலத்தில் ரயில் பிடித்து நேரு ஸ்டேடியம் போகப்போவதில்லை. ஆனால், மூன்று பெயர்கள் மாறியும் எட்டாம் இடம் மாறாத அனுபவம் சென்னைக்கு இருக்கிறது. எனவே, இந்த முறை கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். "புது கோச் என்ன செய்வார்?" என்பதோடு, "அவருக்கு எத்தனை சீசன் கொடுப்பீர்கள், என்ன கொடுப்பீர்கள்?" என்று நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும்.