காலை அகற்றக் காப்பீடு, காலைக் காக்க?

நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்ற ஆய்வு 2023இல் தெரிவித்தது. இந்நோய் முற்றும்போது பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. வயலில் தைத்த முள்ளும், கட்டுமானத் தளத்தில் ஏறிய ஆணியும் வலிப்பதில்லை. வலிக்காததால் வேலை நிற்பதில்லை. நின்றால் அன்றைய கூலி இல்லை. புண் எலும்பை எட்டிய பின்னரே மருத்துவமனைக்கு வரும் தொழிலாளியிடம், "ஏன் இவ்வளவு அலட்சியம்?" என்று கேட்கிறார்கள்.

அலட்சியம் யாருடையது?

உணர்விழப்பைக் கண்டறியப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சில நிமிடச் சோதனை போதும். உணர்விழந்த பாதங்களுக்கு எம்.சி.ஆர். செருப்பை இலவசமாக வழங்கிய அனுபவமும் தொழுநோய்த் திட்டத்தின் வழியே நமது பொது சுகாதாரத் துறைக்கு உண்டு. இல்லாதது அரசின் அக்கறையே.

ஒன்றிய பாஜக அரசு விளம்பரப்படுத்தும் ஐந்து லட்ச ரூபாய் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்தால்தான் செல்லும். புறநோயாளி சிகிச்சைக்குச் செல்லாது. காலை அகற்றப் பணம் உண்டு. அகற்றும் நிலை வராமல் காக்க இல்லை. அறுவை அரங்கு வைத்திருக்கும் தனியாருக்குப் பொதுப்பணம் போகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளனவே என்பார்கள். அங்கே பாதம் பார்க்கப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்?

பிரிட்டனில் பாத மருத்துவம் பதிவுபெற்ற தொழில். பதிவில்லாதவர் அப்பெயரைப் பயன்படுத்துவது குற்றம். இங்கோ மருத்துவம் சார்ந்த தொழில்களை முறைப்படுத்தும் சட்டம் 2021இல் நிறைவேறியும் கிடப்பில் கிடந்தது. அதை நடைமுறைப்படுத்துமாறு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. ஏழையின் கால் ஆணியை நடைபாதையில் பிளேடு அறுக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025க்குள் சுகாதாரத்திற்கு அரசு செலவிடும் என்றது 2017 தேசியக் கொள்கை. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் பயிற்சி பெற்ற பாதப் பராமரிப்பாளர், நீரிழிவு நோயாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பாதப் பரிசோதனை, இலவசப் பாதுகாப்புச் செருப்பு, சிகிச்சை நாட்களுக்குக் கூலி இழப்பீடு ஆகியவை உடனடிக் கோரிக்கைகளாக எழ வேண்டும். இப்பணியை ஆஷா ஊழியர்களிடம் ஒப்படைப்பதானால், முதலில் அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து ஊதியம் வழங்க வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கமும் கட்டுமானத் தொழிலாளர் சங்கமும் இவற்றைக் கையிலெடுக்கட்டும். உழைப்பவனின் கால் போனால் அவன் குடும்பத்தின் சோறும் போகிறது.