கிராம சபைக்கு முந்தைய ஏழு நாள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும் நாள்கள் இவை. முன்பு நான்காக இருந்தன. 2022இல் முதல்வர் மு.க.ஸ்டாலினின் அறிவிப்புக்குப் பிறகு உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறாயின. இப்படித் தேதிகள் பெரும்பாலும் மாறாமல் இருப்பது பெரிய பலம். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர்கூட எந்த நாளில் ஊரில் இருக்க வேண்டும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தலைவருக்குத் தோதான நாளில் வேண்டியவர்களை மட்டும் கூட்டித் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு இது ஓரளவு தடை போடுகிறது. ஆகவே உள்ளாட்சிக் கூட்டங்களைத் திட்டமிடத் தொழில்நுட்பம் என்று யாராவது பேசினால், தேதி குறிக்க அது நமக்கு வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். தேதி தெரிந்தும் ஊருக்குத் தெரியாமல் போகிறவை வேறு. கூட்டம் எந்தக் குக்கிராமத்தில், எத்தனை மணிக்கு, என்னென்ன கூட்டப்பொருள், எந்த அலுவலர் வருகிறார், போன கூட்டத்தில் போட்ட தீர்மானம் என்ன ஆயிற்று?

இவற்றைச் சொல்லத்தான் ஏழு நாள் முன்னறிவிப்பு என்ற விதி இருக்கிறது. நடைமுறையில் அந்த அறிவிப்பு பெரும்பாலும் அலுவலகச் சுவரில் ஒட்டிய ஒரு தாளோடு நின்றுவிடுகிறது. இத்தனைக்கும் கிராம சபையைச் சுற்றி இன்று தொழில்நுட்பத்துக்குக் குறைவில்லை. ஒன்றியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் இணையதளத்தில் கூட்ட விவரங்களைப் பதிய வேண்டும், நடந்து முடிந்ததும் படங்களை ஏற்ற வேண்டும். 2025 ஆகஸ்டில் அதே அமைச்சகம் சபாசார் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டுவந்தது. கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு நடவடிக்கைக் குறிப்பை எழுதித் தரும் கருவி அது. இவற்றைக் குறை சொல்ல மாட்டேன்; பதிவு இருந்தால்தான் பொய்க் கூட்டம் பிடிபடும். ஆனால் தகவல் முழுவதும் கூட்டம் முடிந்த பிறகு ஊரிலிருந்து மேலே போகிறது. கூட்டத்துக்கு முன்பு மேலிருந்து ஊருக்கு வருவது மிகக் குறைவு. கூட்டம் நடந்ததற்குச் சான்று கேட்கும் அரசு, மக்களுக்குத் தகவல் சொன்னதற்கும் அதே கண்டிப்புடன் சான்று கேட்க வேண்டும்.

அடுத்தது அலுவலர்களின் வருகை. மாநிலத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. சராசரியாக ஒன்றியத்துக்கு 32 ஊராட்சிகள். எல்லா இடத்திலும் ஒரே நாளில் சபை கூடினால், வட்டார வேளாண் அலுவலரோ மின்வாரியப் பொறியாளரோ எத்தனை ஊருக்குப் போக முடியும்? அதனால்தான் பற்றாளர் என்று ஒருவரை நியமித்து அனுப்புகிறார்கள். அவர் வேறு துறைக்காரராக இருந்தால், பம்பு ஓடாததைப் பற்றியும் பட்டாவைப் பற்றியும் கேட்பவர்களுக்கு ‘எழுதிக்கொள்கிறேன்’ என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல இயலாது. கேரளத்தில் கிராம சபை வார்டுதோறும் கூடுகிறது, வார்டு உறுப்பினரே கூட்டுகிறார். தேதிகள் வார்டுக்கு வார்டு மாற அங்கே இடமுண்டு. நாம் ஆறு நாள்களையும் விட்டுவிடாமல், ஒவ்வொன்றுக்கும் முந்தைய இரண்டு வாரங்களில் குக்கிராமம்தோறும் சிறு கூட்டங்களை வெவ்வேறு மாலைகளில் வைக்கலாம். எந்த அலுவலர் எந்த மாலை எங்கே என்று 32 ஊராட்சிகளுக்கும் மோதாமல் பட்டியல் போடுவது மனிதருக்குத் தலைவலி, கணினிக்கு எளிது. தொழில்நுட்பம் நாள் குறிக்க வேண்டிய இடம் இதுதான்.

செல்பேசி இல்லாத முதியவர்களும் பெண்களும் விடுபட்டுப் போவார்களே என்ற கேள்வி நியாயமானது. குறுஞ்செய்தி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நானும் எதிர்ப்பேன். ஆனால் பழைய வழிக்கும் திரும்ப முடியாது. தண்டோரா போடும் வேலை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. 2022இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு அதைத் தடை செய்யச் சொல்லி, வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒலிபெருக்கியும் தொழில்நுட்பம்தான், எழுத்தறியாதவரும் அதைக் கேட்க முடியும். குரல் அழைப்பு, ரேஷன் கடை வாசலில் ஒரு பலகை, காலனித் தெருவிலும் தவறாமல் போகும் அறிவிப்பு வண்டி, இவை சேர்ந்தால்தான் முன்னறிவிப்பு முழுமையாகும்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். அந்தக் குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது அதை நடத்துபவரின் கையில் இருக்கிறது. சபையில் எழுந்து வரவு செலவு கேட்கக்கூடியவர்தான் முதலில் வெளியே நிற்பார். ஊராட்சிச் செயலருக்கு மேலும் ஒரு சுமையா என்றும் கேட்பார்கள். ஏற்கெனவே பல செயலிகளில் பதிந்து களைத்திருக்கும் அவரிடம் புதிதாக எதையும் கேட்கத் தேவையில்லை. இணையதளத்தில் அவர் பதியும் அதே விவரமே வாக்காளர்களுக்குக் குரல் செய்தியாகப் போகும்படி அமைத்தால் போதும். கூட்டம் ரத்தானாலும் அதே வழியில் சொல்லிவிடலாம். 2020 அக்டோபர் 2 கூட்டம் கொரோனாவைக் காரணம் காட்டிக் கடைசி நேரத்தில் ரத்தானது மறந்திருக்காது.

இந்த ஏற்பாடு இப்போது கூடுதல் அவசரம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கூட்டம் எப்போது, எங்கே என்று கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லாத நிலையில், முன்னறிவிப்பு ஒன்றே குடிமக்களுக்குப் பிடிமானம். ஊரக வளர்ச்சித் துறை ஒவ்வொரு கூட்டத்துக்கும் அனுப்பும் சுற்றறிக்கையில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கட்டும்: இடம், நேரம், கூட்டப்பொருள், வரும் அலுவலர், முந்தைய தீர்மானங்களின் நிலை ஆகியவை ஏழு நாள் முன்பே மக்களுக்குச் சேர்ந்ததற்கான பதிவு இல்லாத கூட்டம் செல்லாது.