மோட்டார் குடிக்கும் சாராயம்

கரும்பிலே வடித்ததை மனிதன் குடித்தால் மயக்கம்; மோட்டார் குடித்தால் முன்னேற்றமாம்! 2023 பிப்ரவரியிலே டெல்லி தொடங்கிவைத்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலன்றி, மீனவன் கைக்கெட்டும் விலையிலே இன்று வேறில்லை.

கரும்பு விவசாயிக்கு வாழ்வு வருமானால் வரட்டும், மறுப்பாரில்லை. ஆனால் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரை அறிவீரா, தோழர்களே? மண்ணெண்ணெயிலே ஓடுவதற்கும் கிளப்பப் பெட்ரோல்தான் வேண்டும். பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயிலே அதன் உயிர். எத்தனாலோ நீரை இழுக்கும் குணமுடையது. புயல் எச்சரிக்கையால் படகு கரையிலே கிடக்கும் நாட்களில் கடற்காற்றின் ஈரம் தொட்டியிலே சேருகிறது. அளவு மீறியதும் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியிலே தங்குகின்றன. குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே! ஆயிலற்ற அந்நீரைக் குடித்த பிஸ்டன் இறுகாமல் என்ன செய்யும்?

பழைய வண்டிகளிலே சில ரப்பர் பாகங்களை மாற்றினால் போதும் என்று 2025 ஆகஸ்டிலே பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. வண்டி நின்றால் தள்ளலாம், அய்யா! பத்துக் கடல்மைலுக்கு அப்பால் படகு நின்றால் எதைத் தள்ளுவது? அமெரிக்காவிலே 15 விழுக்காட்டுக் கலவைக்கே, படகில் ஊற்றாதே என்று பம்பின்மேல் எழுதி ஒட்டியிருக்கின்றனர். இங்கே 20, எச்சரிக்கைத் துண்டுத்தாள்கூட இல்லை!

மீன்பிடித் துறைமுகப் பங்க்குகளிலே கலப்பற்ற பெட்ரோலைச் சாதாரண விலையிலே தா என்கிறோம். தரும்வரை, கடலுக்குப் போகாத நாளிலே தொட்டியைக் காலியாக வைக்கச் சொல்லுங்கள். மோட்டார் கெட்ட நாளையும் பழுதுபார்த்த செலவையும் படகுவாரியாகக் குறித்துக் கையொப்பம் வாங்குங்கள், கரையூர்க் கிளைத் தோழர்களே!