எந்த அடுப்பில் வந்த மின்சாரம்?

ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று நாம் கேட்பதுண்டோ?

நியூயார்க் நகரத்தின் கதையைக் கேளுங்கள். ஹட்ஸன் நதிக்கரையில் இருந்த இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையம், நகருக்கும் அடுத்துள்ள வெஸ்ட்செஸ்டருக்கும் வேண்டிய மின்சாரத்தில் சுமார் கால் பங்கைப் புகையில்லாமல் கொடுத்து வந்தது. இத்தனை ஜனங்களுக்குப் பக்கத்தில் விபத்து நேர்ந்தால் என்னாவது? இந்தப் பயம் பலருக்கு இருந்தது, நியாயமான பயந்தான். 2021 ஏப்ரல் 30-ஆம் தேதி நிலையத்தை அடியோடு மூடிவிட்டார்கள்.

அந்தக் குறையை நிரப்பியவை பெரும்பாலும் இயற்கை வாயுவை எரிக்கும் நிலையங்களே. விளக்கின் ஒளி மங்கவில்லை. கரியமில வாயுதான் கூடிற்று!

காற்றும் வெயிலும் நீரும் தரும் மின்சாரம் முன்கூட்டியே தயாராக இருந்திருக்கலாகாதா? புது அடுப்பு பற்றிக்கொண்ட பிறகு பழையதை அணைப்பதுதானே, சகோதரிகளே, நம் சமையலறை வழக்கம்?