செடி நின்றாலே நீர் தெளியுமா?

செட்டிநாட்டு ஊருணிகளின் மீதும் கண்மாய்களின் மீதும் மெய்யான சிரத்தை கொண்டவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றி வருகிறது. வீட்டுக் கழிவும் வயல் உரமும் கலந்துவரும் நீரில் கோரை, சம்பு, வெங்காயத்தாமரை முதலியவற்றைத் தம் போக்கில் வளரவிட்டால் போதும், நீரிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அவை உறிஞ்சி ஜலத்தைச் சுத்தம் செய்துவிடும் என்பதே அது. நல்லெண்ணத்தில் பிறந்த கொள்கைதான். ஆயினும், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள நீர் குடிக்க ஆகாதென்று இந்தியத் தர நிர்ணயம் விலக்கியிருக்கையில், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியையே அந்த நைட்ரேட் குறைக்கக்கூடியதாகையால், இக்கொள்கையைப் பரீட்சித்துப் பாராமல் ஏற்பதற்கில்லை.

செடிகள் தழைச்சத்தை உறிஞ்சுகின்றன என்பதில் சந்தேகமில்லை. அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் அதை எடுத்துத் தம் உடலாக்கிக்கொள்கின்றன. ஆனால் உறிஞ்சுவது வேறு, நீக்குவது வேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் போர்ட்டோ ரிக்கோவிலுமாக 72 ஓடைகளில், அடையாளமிட்ட நைட்ரஜனைக் கலந்து அது போகும் வழியைத் தொடர்ந்து, 2008-ல் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓடை பிடித்துவைத்த நைட்ரேட்டில் வாயுவாக மாறி நிரந்தரமாக வெளியேறியது நடுத்தரமாக நூற்றுக்கு 16 பங்கே என்று கண்டார்கள். மற்றதெல்லாம் பாசியிலும் செடியிலும் நுண்ணுயிரிலும் சில காலம் தங்குவது. அவை மடிந்து அழுகும்போது பெரும்பகுதி நீருக்கே திரும்பும்.

அவையேனும் பெரும்பாலும் வற்றாத ஓடைகள். நம் தேனாறும் மணிமுத்தாறும் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஓடுபவை. சித்திரையில் கண்மாயின் உள்வாய் பாளம்பாளமாக வெடிக்கும்போது, நின்ற செடி நின்ற இடத்திலேயே காய்ந்து நொறுங்குகிறது. வெடிப்பினூடே காற்று புகுந்து சேற்றிலுள்ள அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகிறது. அடுத்து வரும் முதல் மழை அவ்வளவையும் ஒருசேரக் கரைத்துவிடுகிறது. கார்த்திகையில் செடி எடுத்துக்கொண்டதைக் கொண்டாடுகிறவர்கள் இந்த முதல் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெங்காயத்தாமரையைப் பற்றித்தான் புகழ்ச்சி மிகுதி. அதன் வளர்ச்சி அபாரமானது. உகந்த நீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். ஆனால் ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள்: கறுத்த தும்பு போன்ற வேர்க்கொத்து, அதில் ஒட்டிய வண்டல், ஊதிய காம்பு, இவற்றுக்குள் இருப்பதெல்லாம் பெரும்பாலும் தண்ணீரே. ஒரு டன் பச்சைச் செடி உலர்ந்தால் ஐம்பது கிலோ நிற்கும். அதில் தழைச்சத்து ஒரு கிலோ அளவுதான். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலோ சுமார் 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஆக, ஒரு மூட்டை யூரியா கரைந்து வந்ததை ஈடுசெய்ய இருபது டன் செடியை வாரி வெளியேற்ற வேண்டும். வாராமல் விட்டால் பயனில்லை என்பது மட்டுமன்று, அது நீரை மூடிக் கீழே பிராணவாயு குன்றச் செய்து மீனையும் மாய்க்கும்.

கரையில் எந்த மரம் நின்றாலும் நன்றே என்ற வாதமும் நில்லாது. புங்கும் சீமைக் கருவேலும் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் பிடித்து, இலையுதிர்த்து, மண்ணில் சேர்க்கும் வர்க்கத்தவை. அவை வரத்துக்காலை நெருக்கி நின்றால் அங்கே சேருவது வரவேயன்றிச் செலவன்று.

இதனால், பொக்லைன் கொண்டு கரையை மொட்டையாக வழித்துவிடுவோருக்கு நான் சாட்சி சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. கோரையும் சம்பும் செய்கிற பெரிய உபகாரம் வேறொன்று இருக்கிறது. அவற்றின் வேர்கள் சேற்றுக்குள் சிறிது பிராணவாயுவைக் கசியவிடுகின்றன; அவ்விடத்தில் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. விரற்கடைக்கு அப்பால், காற்றற்ற சேற்றில், உதிர்ந்த தழையை உணவாகக் கொண்ட நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைச் சிதைத்து வாயுவாக ஆகாயத்துக்கு அனுப்புகின்றன. செடியின் வயிற்றைவிட அதன் காலடியிலுள்ள சேறே நம்பத்தக்கது. வரத்துக்காலில் நீர் மெல்லப் பரந்து அச்சேற்றின்மேல் தங்கிச் செல்லுமாறு இருந்தால்தான் அது வேலை செய்யும்.

எஞ்சியதை மனிதர் கைதான் வெளியேற்ற வேண்டும். நம் முன்னோரும் அவ்வாறே செய்தனர். தாமரை இலை பறித்தார்கள், கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டி வண்டியாகப் புன்செய்க்கு அடித்தார்கள், மடை வழியே சத்துள்ள நீரை நெல்லுக்குப் பாய்ச்சினார்கள். பறவைகள் கலையாதிருக்கும் பொருட்டுத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டியில், கூட்டிலிருந்து விழும் எச்சம் அவ்வளவும் தழைச்சத்துத்தான். சேறு சிதைத்தது போக, எஞ்சியது கண்மாயை விட்டு நீங்க மடையும் கரம்பையும் அன்றி முக்கியமான வழி வேறில்லை. இன்று குடிமராமத்துச் செய்யும் ஊர்கள் கோரையைப் பூக்குமுன் அறுத்து, கரைமேல் குவித்துவைக்காமல், அன்றே எருக்குழிக்கு ஏற்றிவிட வேண்டும். கரையில் கிடந்தால் முதல் தூறலிலேயே அதன் கறுத்த சாறு உள்வாய்க்கு இறங்கிவிடும்.